கயிற்று வலையும் கொழுக்கட்டைப் புல்லும்

மழை மிகுதியாகப் பெய்யும் சீமையில்தான் மண் அரிக்கும், வானம் பார்த்த பூமியில் அரிப்பதற்கு என்ன இருக்கிறது என்ற அபிப்பிராயம் சாதாரண ஜனங்களிடம் மட்டுமன்றி, பொறியியல் படித்துப் பட்டம் பெற்று வருகிறவர்களிடமும் நெடுநாளாக இருந்து வருகிறது. உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. ஆண்டில் பாதி நாள் மழை பெய்கிற மலைநாட்டில் புல்லும் பூண்டும் மண்ணை மூடியிருப்பதால் மழைத்துளி நேரே மண்ணில் விழுவதில்லை. பாலைவனத்திலோ மண் வெறுமையாகக் கிடந்தாலும் அதை வாரிச் செல்ல மழையே இல்லை. மூடுவதற்குப் புல் போதாமலும், வாரிச் செல்வதற்கு மழை போதுமானதாகவும் இருக்கிற அரைவறட்சிப் பிரதேசந்தான் இவ்விரண்டைக் காட்டிலும் அதிகமாக மண்ணை இழக்கிறது. லாங்பைன், ஷூம் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் ஆறுகள் கொண்டுசெல்லும் வண்டலைக் கணக்கிட்டு, ஆண்டுக்கு ஏறக்குறைய 300 மில்லிமீட்டர் மழை பெறும் இடங்களில் அந்த வண்டல் உச்சத்தை எட்டுகிறது என்று 1958ஆம் ஆண்டில் எழுதினார்கள். அவர்கள் கணக்கு குளிர்ந்த தட்பவெப்பத்தை வைத்துப் போட்டது; பெய்த நீரில் பெரும்பகுதி வெயிலில் ஆவியாகிப் போகும் நம்முடைய தர்மபுரி, இராமநாதபுரம், தூத்துக்குடிச் சீமைகளுக்கு அந்த உச்சம் இன்னும் அதிக மழையுள்ள பக்கமாக, அதாவது நாம் குடியிருக்கும் இடத்தை நோக்கியே, நகர்ந்து வரும். இந்தக் கணக்கை நான் படித்தது பிற்காலத்தில். அதற்கு முன்பே சாலைக்கரைகளும் வெட்டுச்சரிவுகளும் எனக்கு அதைச் சொல்லியிருந்தன.

பொள்ளாச்சிப் பக்கத்து நார்த்தொழிலில் பிறந்து வளர்ந்தவன் நான். தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் காயலில் ஊறவைத்து அடித்து வெள்ளை நார் எடுப்பது ஆலப்புழைக்காரர்களின் கைவேலை. மட்டையை இயந்திரத்தில் கொடுத்துப் பழுப்பு நார் எடுப்பது எங்களுடைய வேலை. சரிவுகளின்மேல் விரிப்பதற்கென்று நெய்கிற கண்விட்ட கயிற்று வலையை நான் முதன்முதலில் கண்டபோது, அது பெரும்பாலும் கப்பலேறி அயல்தேசம் போகிற சரக்காகவே இருந்தது. நம்முடைய சாலைகளுக்கு அது வேண்டும் என்று நம்மவர்கள் கருதவில்லை. ஒரு சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் என்று எடையை வைத்தே அதை இன்றும் தரம் பிரிக்கிறார்கள். எடை கூடக் கூடக் கண் சிறுக்கும், விலை ஏறும். தென்னை நாரில் லிக்னின் என்னும் பொருள் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேலிருப்பதால் அது எளிதில் மக்குவதில்லை. வங்காளத்துச் சணல் வலை நீரை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், மண்ணோடு ஒட்டிப் படியும், விலையும் மலிவு. ஆனால் ஒன்றிரண்டு ஆண்டுகளில் இற்றுப் போகும். முதல் பருவத்திலேயே புல் பிடித்துவிடும் ஊருக்கு அது உத்தமமான சரக்கு. முதல் பருவம் பொய்த்தால் இரண்டாவதையும், அதுவும் பொய்த்தால் மூன்றாவதையும் எதிர்பார்த்துக் காத்திருக்கவேண்டிய ஊருக்குத் தென்னை வலையைத் தவிர வேறு கதியில்லை என்பது என் தீர்மானம்.

இந்தத் தொழிலில் புகுந்தவர்கள் யாவரும் முதலில் கற்றுக்கொள்ளவேண்டியது, வலை சரிவைத் தாங்குவதில்லை என்பதே. கமான் கட்டும்போது செங்கல் இறுகும்வரை அடியில் நிற்கும் சாரத்துக்கு என்ன வேலையோ அதுதான் இதற்கும் வேலை. புல்லின் வேர் மண்ணைப் பிடிக்கும்வரை நிற்கவேண்டும், பிறகு இருந்த இடம் தெரியாமல் போய்விடவேண்டும். துளி விழும் வேகத்தைத் தணிப்பது, ஓடும் நீரை ஒவ்வொரு கயிற்றிலும் சிறிது தடுத்து நிறுத்துவது, அப்படி நின்ற இடத்தில் கொஞ்சம் வண்டலையும் ஈரத்தையும் விதைக்கு விட்டுப் போவது, நடுப்பகல் வெயிலில் மண்ணுக்குச் சற்றே நிழல் கொடுப்பது என்ற இவ்வளவுதான் அதன் காரியம். சரிவே ஆழத்தில் பிளந்து சறுக்குமானால் அதைத் தடுக்கக் கல்லும் காங்கிரீட்டும் வேண்டும். கயிற்றிடம் அதை எதிர்பார்ப்பது அறியாமை.

நான்குவழிச் சாலைகள் போடப்பட்ட காலத்தில், தர்மபுரிப் பக்கத்தில் ஒரு சரளை மண் வெட்டுச்சரிவில் வேறொரு ஒப்பந்தக்காரர் விரித்த வலை பலனற்றுப் போய்விட்டதென்று பார்த்துவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். வரைபடமெல்லாம் கேரளத்தில் வெற்றி கண்ட வேலையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டர் மழை பெறும் நாட்டில், வலை விரித்த சில வாரங்களில் புல் தானாகவே கண்களுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். ஆகவே அந்த வரைபடத்தில் விதையைப்பற்றிய பேச்சு ஒரு வரிக்கு மேல் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது தூரத்திலிருந்து எல்லாம் ஒழுங்காகவே காணப்பட்டது. சுருள்கள் சுருக்கமின்றி விறைப்பாக நின்றன; முளைகள் வரிசை தவறாமல் இருந்தன. கிட்டப் போய் வலையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே கையை நுழைக்கும் அளவுக்கு ஓடைகள் விழுந்து, மண்ணெல்லாம் அடிவாரத்து வடிகாலில் கிடந்தது.

"ஐயா, வலை அப்படியே இருக்குதுங்க. மண்ணுதான் இல்ல" என்றார் அங்கிருந்த மேஸ்திரி.

அந்த ஒரு வாக்கியத்தில் நோய் முழுவதும் அடங்கியிருந்தது. துணியை விரித்தால் இழுத்துச் சுருக்கம் நீக்கிப் போடவேண்டும் என்பது மனிதர் கைக்கு இயல்பாக வரும் வழக்கம். பார்வையிட வருகிற அதிகாரியின் கண்ணுக்கும் அது திருப்தியளிக்கிறது. ஆனால் மேடும் பள்ளமுமான சரளைச் சரிவில் இழுத்துக் கட்டிய வலை மேட்டுக்கு மேடு தாவி நிற்குமேயன்றிப் பள்ளத்தில் படிவதில்லை. நீர் அந்தப் பள்ளத்தில் வலைக்கு அடியாகவே ஓடிவிடும். வலை மண்ணைத் தொடாத இடத்தில் வலை இல்லை என்றே கணக்கு வைத்துக்கொள்ளவேண்டும்.

ஆகவே நாங்கள் செய்கிற முறை வேறு. மழையும் லாரியும் உண்டாக்கிய ஓடைகளை மூடி, கல்லையும் வேரையும் பொறுக்கிச் சரிவை ஒருவாறு சமப்படுத்தியபின், உச்சியிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி வெட்டி, சுருளின் தலையை அதில் இறக்கி முளையடித்து மண் தள்ளி மிதித்துவிடுவோம். சுருள் நீரோடும் திசையிலேயே கீழே இறங்கவேண்டும்; குறுக்கே விரித்தால் வேலை சுலபம், ஆனால் ஒவ்வொரு விளிம்பும் நீர் நுழையும் வாசலாகிவிடும். பக்கத்துச் சுருளோடு அரை அடியாவது மேலேறி நிற்கவேண்டும். நீளத்தில் இணைக்குமிடத்தில் மேற்சுருள் கீழ்ச்சுருளின்மேல் படியவேண்டும். தளர்வாக விரித்து, தண்ணீர் தெளித்து, நனைந்த கயிறு தன் பாரத்தால் மண்ணோடு ஒட்டியபிறகே முளையடிப்போம். தண்ணீருக்கு லாரி வைக்கவேண்டியிருக்கிறதே என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இந்தக் கட்டத்தைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். முளைக்கு ஆறு மில்லிமீட்டர்க் கம்பியை வளைத்த கொக்கி நல்லது. இரும்பு திருட்டுப் போகிற இடங்களில் மூங்கில் முளையே உத்தமம், பழைய இரும்புக் கடையில் அதற்கு விலையில்லை.

இவ்வளவும் செய்தாலும் சரிவுக்கு மேலேயுள்ள நிலத்திலிருந்து திரண்டு வரும் நீரை மறிக்காவிட்டால் பிரயோஜனமில்லை. சரிவின்மேல் பெய்கிற மழையை வலை சமாளிக்கும். மேலே கிடக்கும் இரண்டு ஏக்கர் மானாவாரிக் காட்டு நீர் ஒரே இடத்தில் வந்து கவிழ்ந்தால், எந்த எடை வலையும் நிற்காது. உச்சியில் ஒரு மறிப்பு வாய்க்கால் வெட்டி, அதன் நீரைக் கல் பாவிய இறக்கத்தின் வழியாகக் கீழே விடுவது வலையைவிட முக்கியமான வேலை. ஆனால் பல ஒப்பந்தங்களில் வாய்க்கால் ஒருவருக்கும் வலை ஒருவருக்குமாகப் பிரிந்து, வாய்க்கால்காரர் வரும்முன் வலைக்காரர் வேலையை முடித்துப் பணமும் வாங்கிவிடுவார். வறண்ட ஊர்களின் மழை எண்ணிக்கையில் சிறியது, வேகத்தில் பெரியது. சித்திரை வைகாசியில் இடியோடு வரும் கோடை மழை ஒரு மணி நேரத்துக்குள் செய்துவிட்டுப் போவதை, ஐப்பசி அடைமழை ஒரு வாரம் பெய்தும் செய்வதில்லை.

கோடை மழையைப்பற்றிச் சொல்லும்போது பஞ்சாங்கத்தைப்பற்றியும் சொல்லவேண்டும். சர்க்கார் வேலையின் ஆண்டு மார்ச்சு 31ஆம் தேதி முடிகிறது. ஒதுக்கிய பணத்தை அதற்குள் செலவிட்டாகவேண்டும். விதை விதைக்கவேண்டிய காலமோ, ஆடிக்குப் பின்னும் மழை கிடைக்கும் தர்மபுரியில் ஆவணிக் கடைசி, வடகிழக்குப் பருவத்தையே நம்பியிருக்கும் இராமநாதபுரத்தில் புரட்டாசிக் கடைசி. ஆனால் வலை விரிக்கச் சொல்லும் உத்தரவு அநேகமாக மாசி பங்குனியில்தான் வரும். அப்போது விரித்த வலை, கோடை வெயில் முழுவதையும் தின்று, கோடை மழையில் அடிபட்டு, விதைத்த விதையை எறும்புக்கும் குருவிக்கும் கொடுத்துவிட்டு, உண்மையான பருவம் வரும்போது தன் பலத்தில் ஒரு பங்கை இழந்து நிற்கும். ஒப்பந்தக்காரர் அயோக்கியர் என்றோ அதிகாரி சோம்பேறி என்றோ இதற்குக் காரணம் கற்பிப்பது சரியல்ல. அளவுப் புத்தகத்தில் ஏறுவது விரித்த வலையின் சதுர மீட்டர். முளைத்த புல்லுக்கு அந்தப் புத்தகத்தில் பத்தியே கிடையாது. எதை அளக்கிறார்களோ அதுதான் நடக்கும்.

விதை விஷயத்தில் எங்களுக்கு வழிகாட்டியவர்கள் மேய்ச்சல்காரர்கள். அழகுக்கென்று பூங்காப் புல் விதையை வாங்கித் தூவி, ஒரு மாதம் லாரித் தண்ணீரில் வளர்த்து, படம் எடுத்து, தண்ணீர் நின்ற மறுவாரம் சருகாக விட்ட சரிவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வறண்ட சரிவில் நிலைத்து நிற்பவை கொழுக்கட்டைப் புல், அருகு, அவற்றுக்கிடையே கொழுஞ்சி, ஆவாரை, இன்னும் சற்றுக் கல்லான இடமானால் விராலி. இவை தோட்டக்கலைக் கடையில் கிடைப்பவையல்ல. கொழுக்கட்டைப் புல்லின் விதை பஞ்சுபோன்ற உறைக்குள் இருப்பதால் காற்றில் பறந்துவிடும். களிமண்ணும் சாணமும் கலந்து உருண்டையாக்கித்தான் விதைப்போம், அதனால் எறும்புத் தொல்லையும் குறைகிறது. புதிதாக உதிர்ந்த விதையில் பெரும்பகுதி முளைக்காது. மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்தபின்பே கண் விழிக்கும். இது தெரியாமல் புது விதையைத் தூவிவிட்டுக் கயிற்றின்மேல் பழி சொன்னவர்கள் உண்டு. முதல் மழைக்கு உடனே எழுந்து மண்ணை மூடிக்கொள்ளக் கொள்ளும் சணப்பையும் கலந்து விதைப்போம். அவை ஒரு பருவத்தில் மடிந்து உரமாகிவிடும்.

நார் எடுத்தபின் மிஞ்சும் நார்த்தூள் தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் என்பதால், அதைச் சரிவில் கொட்டினால் வறட்சி தீர்ந்தது என்று ஒரு காலத்தில் பிரசாரம் நடந்தது. பச்சைத் தூளில் கரிமச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் நூற்றுக்கு ஒன்றையும் தாண்டுகிறது. அதை அப்படியே போட்டால், மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டு நாற்றை மஞ்சளாக்கிவிடும். கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தார் சொன்னபடி யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் இட்டு அடுக்கி மக்கவைத்த தூளோ நல்ல சரக்கு. இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலிருப்பதால், மக்கிய தூளுக்கு விலை வாங்கிக்கொண்டு மக்காததை இறக்கிவிடுவது இத்தொழிலின் சகஜமான தந்திரங்களில் ஒன்று.

வறட்சி, வெயில், எறும்பு எல்லாவற்றையும் தாண்டி வந்த புல்லுக்குக் கடைசியாக வருகிற பரீட்சை ஆடு. பங்குனி மாதத்தில் சுற்றுவட்டாரம் முழுவதும் பழுப்பாகக் கிடக்கையில் எங்கள் சரிவு ஒன்று மட்டும் பச்சையாகத் தெரிந்தால் ஆடு வேறெங்கே போகும்? முள்வேலி போட்டோம், விறகுக்குப் போயிற்று. தர்மபுரிச் சரிவில் ஆடு மேய்த்த ஒரு கிழவியிடம், "ஆயா, ஒரு வருஷம் விட்டுக்கொடுங்களேன்" என்று கேட்டேன்.

"ஏம் சாமி, நீ ஒரு வருஷம்னு சொல்லிட்டுப் போயிருவ. அதுவரைக்கும் ஆட்டைக் கட்டிப்போட்டு நான் என்னத்தப் போடறது?" என்றாள்.

அவள் கேட்டதற்கு வரைபடத்திலும் மதிப்பீட்டிலும் விடையில்லை. பேசிப் பேசிக் கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். மேய்க்கக் கூடாது, விதை முற்றி உதிர்ந்தபின் அரிவாளால் அறுத்துக்கொண்டு போகலாம், அப்படி அறுப்பது அவளும் அவளைச் சேர்ந்தவர்களும் மாத்திரமே. காவலுக்குச் சம்பளம் என்று ஒப்பந்தத்தில் இடமில்லாததால் விதை சேகரிப்புக் கூலி என்று எழுதிக் கொடுத்தோம். வேலியைவிட அந்தக் கிழவியின் வாய் நன்றாகக் காவல் காத்தது.

கயிற்றைவிடப் பிளாஸ்டிக் வலை நீடித்து உழைக்குமே, அதை ஏன் விரிக்கக்கூடாது என்று கேட்காத ஆண்டில்லை. செங்குத்தான இடங்களில், கற்பாறை உதிரும் சரிவுகளில் செயற்கை வலைக்கும் இரும்பு வலைக்கும் உரிய இடம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் புல் வளர்ப்பதற்கென்று விரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் கண்ணி வெயிலில் நொறுங்கித் துண்டு துண்டாகக் காற்றில் பறக்கிறது. நொறுங்காமல் இருந்தாலோ கண்ணிக்குள் சாரைப்பாம்பும் ஓணானும் மாட்டிச் சாகின்றன. அரிப்புத் தடுப்பு வலைகளில் பாம்புகள் சிக்கிச் சாவதை அமெரிக்காவில் ஆராய்ந்தே எழுதியிருக்கிறார்கள். வேலை முடிந்தபின் போகவேண்டிய பொருள் போகாமல் இருப்பது ஒரு குணமாகாது. தென்னை வலைக்கும் ஒரு குறை உண்டு, அதை மறைப்பானேன்: கோடையில் காய்ந்த புல்லோடு சேர்ந்து அது நன்றாக எரியும். இரயில் பாதைக் கரைகளில் வீசியெறிந்த பீடித்துண்டு ஒன்று, கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு ஆண்டு வேலையைக் கருக்கிவிடும். அங்கே நாங்கள் சரிவை ஒரே விரிப்பாக விடாமல் இடையிடையே வெற்று இடைவெளியோ கல் பாவிய பட்டையோ விடுகிறோம்.

தெற்கே கண்மாய்க்கரைகளில் வேறு மாதிரியான சங்கடம். கரிசல் மண் கோடையில் பிளந்து வாய் விரிப்பதால் அரையடி முளை நிற்காது. ஒன்றரை அடி முளை வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் சீமைக்கருவேல். ஆட்டுப்புழுக்கையோடு வந்து விழும் அதன் விதை எந்த வலையின் ஈரத்தையும் முதலில் பயன்படுத்திக்கொள்ளும். புல்லுக்கென்று விரித்த இடத்தில் கருவேல் முளைத்து நிற்பதைக் கண்டு நகைப்பதா வருந்துவதா என்று தெரியாது. 2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அம்மரத்தை அகற்றச் சொல்லியபின், நான் பார்த்த சில கண்மாய்க்கரைகளில் பொக்லைனை ஏற்றி வேரோடு பிடுங்கிப்போட்டார்கள். பிடுங்கிய குழிகளைக் கெட்டிக்காமல் விட்டதால் அடுத்த மழையில் கரை முழுவதும் அம்மைத் தழும்பாகி மண் வழிந்தது. வெட்டிய இடத்தில் தூரை மட்டும் அறுத்து, குழியை மண்ணிட்டு இடித்து, வெளிச்சரிவில் வலையும், கரையின் தோளில் வெட்டிவேர்ப் பதியனை அரையடிக்கு ஒன்றாகச் சமமட்ட வரிசையிலும் வைத்த கரைகள் நன்றாகவே நின்றன. முற்றிய வெட்டிவேரை ஆடு விரும்பாது. இளம் பதியனுக்கு மட்டும் முதல் சில மாதங்கள் நீரும் காவலும் வேண்டும்.

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணற்குன்றுகளுக்கும் இதே வலையை விரிக்கலாமே என்று ஒருமுறை கூப்பிட்டார்கள். அங்கே மண்ணை நகர்த்துவது நீரன்று, ஆனி ஆடிக் காற்று. மணல் வலையின்மேல் ஏறிப் புதைக்கும்; இல்லையேல் விளிம்பின் அடியிலிருந்து அகன்று வலையை அந்தரத்தில் விடும். சீனர்கள் 1950களில் பாவோதோ–லான்ஜோ இரயில்பாதையைக் காக்க, ஷாபோதோ மணற்குன்றுகளில் கோதுமை வைக்கோலை ஒரு மீட்டர்ச் சதுரக் கட்டங்களாக ஊன்றி வைத்ததுதான் அப்படிப்பட்ட மணலுக்குப் பொருத்தமான வழி. தேரியில் அதைப் பனையோலைத் தட்டியால் செய்யலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சரக்கு விற்கிறவன் வேண்டாமென்று சொல்வது அவர்களுக்கு வியப்பாக இருந்தது.

இப்போது காரியங்கள் ஒழுங்குபட்டு வருகின்றன. வலையின் தரத்துக்கும், சாலை, இரயில்கரை, மலைச்சரிவுகளில் அதை விரிக்கும் முறைக்கும் இந்தியத் தர நிர்ணயம் வந்திருக்கிறது. 2020இல் மத்திய அரசின் கிராமச் சாலைத் திட்டத்திலும் தென்னை வலைக்கு அனுமதி கிடைத்தது. தூக்கம் கெடுத்த அளவுப் புத்தகத்திலும் சில இடங்களில் மாற்றம் தெரிகிறது. தொகையில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, இரண்டாவது வடகிழக்குப் பருவம் கழிந்தபின் புல்லின் பரப்பை அளந்து கொடுப்பது என்ற ஷரத்தை இளம் பொறியாளர்கள் சிலர் தாங்களே எழுதுகிறார்கள். ஆளில்லா விமானத்தில் படம் எடுத்துப் பச்சை எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். கருவேலும் பச்சைதான் என்பதால், கீழே இறங்கி நடந்தும் பார்க்கவேண்டும் என்று நான் அவர்களிடம் வற்புறுத்துகிறேன். இந்த ஷரத்து இருந்தால் ஒப்பந்தக்காரர் பங்குனியில் விரிக்கச் சம்மதிப்பதில்லை. விதை எங்கே கிடைக்கும் என்று ஓராண்டு முன்பாகவே கேட்டு வருகிறார்.

விதைக்குத்தான் இப்போது தட்டுப்பாடு. மார்கழி கடைசியிலிருந்து தை முழுவதும் சாலையோரங்களில் கொழுக்கட்டைப் புல் கதிரை உருவிச் சேர்த்துக் கொடுக்கும் பெண்களுக்குப் படி அளந்து கூலி கொடுக்கிறோம். அந்த ஆயாவின் பேத்திகள் இருவர் அதில் இருக்கிறார்கள். சாக்கில் கட்டி எலி எட்டாத பரணில் ஏற்றி வைத்த இவ்வாண்டுத் தை விதை வருகிற புரட்டாசிக்குச் சரியாக வரும். அதற்கே மூன்று சரிவுக்காரர்கள் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். நாலாவதாக வந்தவரை அடுத்த தைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.